பார்க்கில் செல்ஃப் எடுக்கவில்லை, நியூட்ரலில் எடுக்கிறது: பழைய ஆட்டோமேட்டிக் காரில் கியர் ஸ்விட்ச் மாற்றுவது பற்றி

#1 வெண்தேர்

வணக்கம். என் வண்டி 2003 மாடல் செடான், 1.8 லிட்டர் பெட்ரோல், 4 கியர் ஆட்டோமேட்டிக். 1,74,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அப்பா வாங்கியது. நான் கார் ஓட்டப் பழகியதும் இதில்தான், அதனால் கொடுத்துவிட மனசில்லை.

ஒரு மாதமாக ஒரு தொந்தரவு. சில நாள் காலையில் பார்க்கில் வைத்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடப்பதில்லை. டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் எரிகின்றன, செல்ஃப் மட்டும் எடுப்பதில்லை. லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து திருப்பினால் உடனே எடுத்துவிடும். போன வாரம் நல்ல மழை. மறுநாள் நியூட்ரலிலும் எடுக்கவில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை மூன்று நான்கு தடவை மேலும் கீழும் இழுத்து, கடைசியில் லேசாக முன்னால் தள்ளிப் பிடித்தபடி திருப்பிய பிறகுதான் எடுத்தது. அம்மாவை ஏற்றிக்கொண்டு அவசரமாகக் கிளம்ப வேண்டிய நேரம் அது.

பேட்டரி புதிது, 12.6 வோல்ட் காட்டுகிறது. பழைய பேட்டரி இரண்டு தடவை ராத்திரியோடு ராத்திரியாக இறங்கிப்போனதால் மாற்றினேன். வண்டியைப் பார்த்த ஒர்க்ஷாப்பில் செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். நியூட்ரலில் எடுக்கிற மோட்டார் பார்க்கில் மட்டும் ஏன் எடுக்காது என்று கேட்டால் பதில் இல்லை.

இன்னும் இரண்டு விஷயம். ரிவர்ஸ் விளக்கு சில நேரம் எரிவதில்லை. வண்டியை நிறுத்தியபின் எப்போதாவது சாவி வெளியே வர மறுக்கிறது, லீவரை ஒரு தட்டுத் தட்டினால் வருகிறது. இதெல்லாம் ஒரே கோளாறா, தனித்தனியா?

#2 ரிங்ஸ்பானர்

தம்பி, செல்ஃப் மோட்டாரைத் தொடாதீர்கள். நீங்கள் கேட்ட கேள்வியிலேயே பதில் இருக்கிறது.

கியர்பாக்ஸின் பக்கவாட்டில், லீவர் கேபிள் வந்து சேரும் தண்டின் மேல் ஒரு ஸ்விட்ச் உட்கார்ந்திருக்கும். இன்ஹிபிட்டர் ஸ்விட்ச் என்பார்கள், நியூட்ரல் சேஃப்டி ஸ்விட்ச் என்றும் சொல்வார்கள். டொயோட்டா மேனுவலில் பார்க்/நியூட்ரல் பொசிஷன் ஸ்விட்ச், ஃபோர்டு மேனுவலில் டிரான்ஸ்மிஷன் ரேஞ்ச் சென்சார் என்று இருக்கும். பேர்தான் வேறு வேறு, வேலை கிட்டத்தட்ட ஒன்று. உள்ளே ஒரு சுழலும் தட்டும், அதில் உரசிப் போகும் பித்தளைக் காண்டாக்டுகளும் இருக்கும். லீவரை நகர்த்தினால் தண்டு திரும்பும், தண்டோடு தட்டும் திரும்பும்.

அது செய்யும் வேலை மூன்று. சாவியிலிருந்து ஸ்டார்ட்டர் ரிலேவுக்கு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சின்ன மின் ஸ்விட்ச்) போகிற கரண்ட் பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் இதன் வழியே போகும். சில வண்டிகளில் ரிலேவின் எர்த் பக்கம் இதன் வழியாக வரும். ரிவர்ஸ் போட்டால் ரிவர்ஸ் விளக்குக்குக் கரண்ட் கொடுக்கும். அப்புறம், லீவர் எங்கே நிற்கிறது என்று கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கும் டேஷ்போர்டுக்கும் சொல்லும்.

உங்களுக்குப் பார்க் காண்டாக்டும் ரிவர்ஸ் காண்டாக்டும் சேர்ந்து தடுமாறுகின்றன. மழைக்குப் பிறகு மோசமானது. லீவரை அசைத்தால் வேலை செய்கிறது. இத்தனையும் இந்த ஸ்விட்ச்சைத்தான் காட்டுகின்றன. ஆனாலும் பொருளை வாங்குவதற்கு முன் சோதித்துவிடுங்கள். சாவியைத் திருப்பும்போது ரிலே 'டிக்' என்கிறதா, பேனட் பக்கம் ஒருவரை நிறுத்திக் கேளுங்கள். ரிலே தட்டியும் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் கதை வேறு. ரிலேவே தட்டவில்லை என்றால் ஸ்விட்ச் பக்கம் வாருங்கள்.

#3 நேர்வழி

இதே தொந்தரவு எனக்கும் வந்தது. ஸ்விட்ச் கனெக்டரில் செல்ஃபுக்குப் போகும் இரண்டு ஒயரையும் சேர்த்து முடிந்துவிட்டேன். இரண்டு வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லை. பழைய வண்டிக்கு எதற்குப் புது ஸ்விட்ச்?

#4 ரிங்ஸ்பானர்

நண்பரே, கோபித்துக்கொள்ளாதீர்கள், இதைச் சொல்லாமல் விட முடியாது. அந்த ஒயரைத் தயவுசெய்து பிரித்துவிடுங்கள்.

அந்த ஸ்விட்ச் இருப்பதே, கியரில் கிடக்கிற வண்டியில் செல்ஃப் எடுக்கக்கூடாது என்பதற்காகத்தான். நீங்கள் முடிந்துவிட்ட பிறகு டிரைவிலும் எடுக்கும், ரிவர்ஸிலும் எடுக்கும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஐட்லிங் அதிகமாக இருக்கும். எஞ்சின் பிடித்த அந்த நொடியில் வண்டி பாய்ந்துவிடும். பிரேக்கில் கால் இருந்தால் சரி. வெளியே நின்றபடி ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்புகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வண்டிக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்பது அந்த நேரத்தில் நம் கையில் இல்லை.

இன்னொன்று, அந்த முடிச்சு செல்ஃபை மட்டும்தான் சரிசெய்கிறது. ஸ்விட்ச்சின் மற்றக் காண்டாக்டுகள் கெட்டுக்கொண்டேதான் இருக்கும். லீவர் எங்கே இருக்கிறது என்று புரியாவிட்டால் கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிலைக்குப் போய் கியரை ஒரே இடத்தில் நிறுத்திவிடும். ஏற்றத்தில் நகரவே திணறும்.

#5 மின்னோட்டம்

வெண்தேர், உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். சாவி வராதது தனிக் கோளாறு. பல பேர் இங்கேதான் குழம்பி, ஒரு ஸ்விட்ச்சுக்குப் பதிலாக இன்னொன்றை வாங்கிவிடுகிறார்கள்.

ரிங்ஸ்பானர் அண்ணா சொன்னது கியர்பாக்ஸ் மேல் இருக்கும் ஸ்விட்ச். அதைத் தவிர, உள்ளே உங்கள் கைக்குப் பக்கத்தில், லீவருக்கு அடியில் கன்சோலுக்குள் ஒரு சின்ன மைக்ரோ ஸ்விட்ச் இருக்கும். லீவர் பார்க்குக்கு வந்துவிட்டது என்பதை அது உணரும். பல வண்டிகளில் சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சோலனாய்டு, அதாவது கரண்டில் இயங்கும் சின்னப் பூட்டு இருக்கும், லீவர் பார்க்கில் இல்லாதவரை அதற்குக் கரண்ட் போய்க்கொண்டிருக்கும், சாவியைக் கடைசிவரை திருப்ப விடாது. மைக்ரோ ஸ்விட்ச் சரியாக அழுந்தாவிட்டால், லீவர் பார்க்கில் இருந்தாலும் வண்டி நம்பாது.

உங்கள் பழைய பேட்டரி ராத்திரியில் இறங்கியதாகச் சொன்னீர்கள். சாவி முழுதாகத் திரும்பாமல் ஏசிசி நிலையில் (ரேடியோ மாதிரி துணைக் கருவிகளுக்கு மட்டும் கரண்ட் போகும் நிலை) நின்றிருந்தால் சோலனாய்டும் மற்றதும் கரண்டைத் தின்றுகொண்டே இருக்கும். பேட்டரி மேல் குற்றம் இருந்திருக்காது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத மூன்றாவது ஒன்றும் உண்டு, பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் லைட் ஸ்விட்ச். அது போனால் லீவர் பார்க்கை விட்டு நகரவே நகராது. பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

#6 மலைப்பாதை

ஸ்விட்ச் வாங்குவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். இதை அனுபவப்பட்டுச் சொல்கிறேன்.

என் பழைய வண்டியில் இதே அறிகுறிகள். புது ஸ்விட்ச் போட்டேன், பத்து நாள் நன்றாக இருந்தது, மறுபடியும் அதே கதை. கடைசியில் பார்த்தால், கேபிள் முனையில் ஆட்டம் இல்லாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையம், புஷ் என்பார்கள், பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. உள்ளே லீவர் பார்க்குக்கு வந்துவிடும், கியர்பாக்ஸ் தண்டு முக்கால் தூரம்தான் திரும்பியிருக்கும். ஸ்விட்ச் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, பார்க்குக்கு இன்னும் வரவில்லை என்று. அதைவிடப் பெரிய விஷயம், தண்டு முழுதாகத் திரும்பாவிட்டால் உள்ளே பார்க்கிங் பால் என்கிற கொக்கி பல்சக்கரத்தில் சரியாக விழாது. சரிவில் நிறுத்திவிட்டுப் போனால் வண்டி உருண்டுவிடலாம்.

சோதிப்பது சுலபம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து லீவரை ஒவ்வொரு நிலையாக நகர்த்தட்டும், நீங்கள் கியர்பாக்ஸ் பக்கத்தில் கேபிள் மாட்டியிருக்கும், தண்டைத் திருப்பும் சின்ன இரும்புக் கையைப் பாருங்கள். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்க வேண்டும். லீவர் ஒரு படி நகர்ந்தால் இந்தக் கையும் ஒரு படி 'டக்'கென்று விழவேண்டும். உள்ளே நகர்ந்து வெளியே நகராத ஆட்டம் இருந்தால் புஷ்தான்.

#7 வெண்தேர்

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை சோதித்தேன்.

பிரேக் விளக்கு எரிகிறது. கேபிள் புஷ் நன்றாக இருக்கிறது, ஆட்டம் இல்லை. பார்க்கில் திருப்பியபோது ரிலே தட்டவில்லை. லீவரை முன்னால் அழுத்திப் பிடித்தபோது தட்டியது. நண்பர் ஒருவரின் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்தேன், பி0705 என்று ஒரு கோளாறு எண் (கோடு) இருந்தது. ஸ்கேனர் அந்த நேரத்து நிலையைக் காட்டும் லைவ் டேட்டாவைப் பார்த்தபடி லீவரை ஒவ்வொரு நிலையாக நகர்த்தினேன். பார்க்கில் நாலில் மூன்று தடவை எந்த நிலையும் காட்டாமல் வெறும் '-' தான் வருகிறது. ரிவர்ஸில் விட்டுவிட்டு வருகிறது. நியூட்ரல், டிரைவ் இரண்டும் சரியாக வருகின்றன.

#8 மின்னோட்டம்

பி0705 என்றால் லீவர் நிலை சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்று அர்த்தம். ஒரே நேரத்தில் இரண்டு நிலை தெரிந்தாலோ, எந்த நிலையும் தெரியாவிட்டாலோ இது வரும். ஆனால் கோடு சுற்றைச் சொல்கிறதே தவிர, ஸ்விட்ச் கெட்டது என்று சொல்லவில்லை. ஒயரும் கனெக்டரும் அந்தச் சுற்றில் அடக்கம். அதனால் இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது.

சாவியை ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஸ்விட்ச்சின் கனெக்டரைப் பிரியுங்கள். முதலில் உள்ளே பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தாலோ, பின்கள் கறுத்திருந்தாலோ, கோளாறு அங்கேயே முடிந்துவிடலாம். இல்லையென்றால் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, ஸ்விட்ச் பக்கத்தில் செல்ஃபுக்கான இரண்டு பின்னுக்கும் இடையே அளந்து பாருங்கள். எந்தப் பின் எது என்று உங்கள் வண்டியின் ஒயரிங் படத்தில் இருக்கும், ஊகித்து அளக்காதீர்கள். பார்க்கிலும் நியூட்ரலிலும் கிட்டத்தட்ட பூஜ்யம் வரவேண்டும். மற்ற நிலைகளில் தொடர்பே இருக்கக்கூடாது. ரிவர்ஸ் விளக்குப் பின்களுக்கும் அதே மாதிரி, ரிவர்ஸில் மட்டும் தொடர்பு.

#9 வெண்தேர்

அளந்தேன். நியூட்ரலில் 0.4 ஓம். பார்க்கில் ஒரு தடவை 38 ஓம், அடுத்த தடவை 210, அடுத்த தடவை தொடர்பே இல்லை. கனெக்டர் உள்ளே சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஸ்விட்ச்சின் அடியில் லேசான எண்ணெய்ப் பிசுபிசுப்பு. சிவப்பாக இருக்கிறது.

புது ஸ்விட்ச்சுக்குச் சொல்லிவிட்டேன். மாற்றுவதை நானே செய்ய ஆசை. ஜாக்கி, ஸ்டாண்ட், சாதாரண ஸ்பானர் செட், டார்க் ரெஞ்ச் எல்லாம் இருக்கின்றன. இதற்கு முன் பிரேக் பேட், பிளக், ரேடியேட்டர் ஹோஸ் மாற்றியிருக்கிறேன். செய்யலாமா?

#10 ரிங்ஸ்பானர்

தாராளமாகச் செய்யலாம். போல்ட் கழற்றி மாட்டுவது கால்வாசி வேலை, மீதி முழுக்க நிலை பொருத்துவதுதான். அதில் அவசரப்பட்டால் புது ஸ்விட்ச்சும் பழைய ஸ்விட்ச் மாதிரியே நடந்துகொள்ளும்.

சிவப்புப் பிசுபிசுப்பு கியர்பாக்ஸ் ஆயில். தண்டைச் சுற்றி இருக்கும் சின்ன ரப்பர் சீல் கசிகிறது. அந்த ஆயில்தான் ஸ்விட்ச்சுக்குள் ஊறிப் பழைய க்ரீஸைக் கெடுத்திருக்கும். ஸ்விட்ச்சைக் கழற்றும்போதே சீலையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வருஷத்தில் மறுபடியும் இதே இழையில் வந்து எழுதுவீர்கள்.

எஞ்சின் ஆறியிருக்கட்டும். சமதரை, ஹேண்ட் பிரேக், நாலு சக்கரத்துக்கும் கட்டை. நியூட்ரலில் வைத்து வேலை செய்யப்போகிறீர்கள், அதனால் வண்டியைப் பிடித்து நிறுத்துவது கட்டையும் ஹேண்ட் பிரேக்கும் மட்டும்தான் என்பதை மறக்காதீர்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ரேடியோவுக்கு ரகசிய எண் உள்ள வண்டியாக இருந்தால் அதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியில் ஸ்விட்ச்சுக்குக் கை போக ஏர் ஃபில்டர் பெட்டியும் பேட்டரி ட்ரேயும் வெளியே வரவேண்டியிருக்கும்.

கேபிளைக் கையிலிருந்து கழற்றியபின், கையைத் தண்டில் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்த வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். கையை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். பிடிக்காமல் திருப்பினால் அத்தனை விசையும் தண்டுக்குப் போகும். தண்டின் மறுமுனையில் கியர்பாக்ஸுக்குள் பல் பல்லாக வெட்டிய தகடும் மேனுவல் வால்வும் இருக்கின்றன. அவை வளைந்தால் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டியதுதான்.

கைக்குக் கீழே இன்னொரு மெல்லிய நட்டும், மடக்கிவிட்ட வாஷரும் இருக்கலாம். வாஷரின் மடிப்பைத் தட்டையான ஸ்க்ரூ டிரைவரால் நிமிர்த்தியபின் நட்டைக் கழற்றுங்கள். பழைய ஸ்விட்ச்சின் விளிம்பைச் சுற்றி ஒரு ஊசியால் கியர்பாக்ஸ் மேல் கோடு கீறிக்கொள்ளுங்கள், இரண்டு கோணத்தில் போட்டோவும் எடுங்கள். பிறகு இரண்டு போல்ட். ஸ்விட்ச் நேராக வெளியே வரவேண்டும். துருவில் ஒட்டியிருந்தால் தண்டின் மேல் துரு நீக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். சுத்தியலால் தண்டைத் தட்டவே தட்டாதீர்கள். வெளியே வந்தபின் தண்டில் உள்ள துருவை மெல்லிய உப்புத்தாளால் எடுத்துவிடுங்கள், புது ஸ்விட்ச் தானாக வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். இறுக்கமாக இருந்து நீங்கள் அழுத்தினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

இப்போது நிலை. தண்டைப் பார்க் முடிவுவரை திருப்புங்கள். அங்கிருந்து இரண்டு 'டக்' திரும்பி வந்தால் நியூட்ரல். பார்க், ரிவர்ஸ், நியூட்ரல். எண்ணிக்கொண்டே வாருங்கள். அப்புறம் ஸ்விட்ச்சை மாட்டி, போல்ட்டை விரலால் மட்டும் போட்டு, ஸ்விட்ச் உடம்பைத் திருப்பி நிலை பார்க்க வேண்டும். இது ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒவ்வொரு மாதிரி. டொயோட்டாவின் பல கியர்பாக்ஸ்களில் ஸ்விட்ச் மேல் ஒரு நியூட்ரல் கோடு இருக்கும், சுழலும் பகுதியின் பள்ளம் அந்தக் கோட்டுக்கு நேரே வரவேண்டும். நிசானின் பல மாடல்களில் கையிலும் ஸ்விட்ச்சிலும் ஒவ்வொரு ஓட்டை, இரண்டிலும் ஒரே பின் நேராக இறங்க வேண்டும். ஜிஎம் வண்டிகள் சிலவற்றுக்கு வரும் புது ஸ்விட்ச் நியூட்ரலில் பூட்டியே வரும், மாட்டி இறுக்குவதற்குள் அதைத் திருப்பிவிடக்கூடாது. உங்களுடையது எது என்று மேனுவலில் பாருங்கள்.

போல்ட்டுக்கு டார்க் (இறுக்கும் விசை) மிகக் குறைவு. பலவற்றில் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். அலுமினிய உடம்பு, மரை போய்விட்டால் பெரிய வேலையாகிவிடும். உங்கள் டார்க் ரெஞ்ச் அவ்வளவு குறைந்த அளவில் நம்பகமாக வேலை செய்யுமா என்றும் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் தவறாமல் செய்யுங்கள். முடித்தவுடன் சாவியைத் திருப்பி வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். செல்ஃப் மோட்டாருக்குப் போகும் சின்ன ஒயரைக் கழற்றி, அதன் முனையில் ஒரு டெஸ்ட் லைட்டை மாட்டி, லைட்டின் மறுமுனையை எர்த்தில் கொடுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு நிலையிலும் சாவியைத் திருப்பட்டும். பார்க்கிலும் நியூட்ரலிலும் எரிய வேண்டும், வேறு எங்கும் எரியக்கூடாது.

#11 மலைப்பாதை

அண்ணா சொன்ன டெஸ்ட் லைட் முறை எனக்குப் புதிது. மிக நல்ல யோசனை.

ஒரு கேள்வி. பழைய ஸ்விட்ச்சைப் பிரித்துச் சுத்தம் செய்து போட்டால் போதாதா? சில பேர் அப்படிச் செய்து பல வருஷம் ஓட்டுகிறார்களே.

#12 ரிங்ஸ்பானர்

செய்யலாம், நானும் செய்திருக்கிறேன். புதுப் பொருள் கிடைக்காத வண்டிகளுக்கு அதுதான் வழி. ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கும் ஸ்விட்ச்சைப் பிரிக்கலாம். பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டியதைப் பிரித்தால் மறுபடியும் தண்ணீர் புகாமல் மூடுவது கஷ்டம். உள்ளே சின்னச் சின்ன ஸ்பிரிங் இருக்கும், மூடியைத் தூக்கும்போது பறந்துவிடும். அதனால் ஒரு துணிக்கு அடியில் வைத்துத் திறக்க வேண்டும்.

பழைய க்ரீஸ் கறுத்து மெழுகு மாதிரி இறுகியிருக்கும். காண்டாக்ட் கிளீனரால் கழுவி, மின் காண்டாக்டுக்கென்றே வரும் க்ரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மேலே இருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் அடுத்த மழையில் இன்னும் சீக்கிரம் பச்சை பூக்கும். பித்தளையில் பள்ளம் விழுந்திருந்தால் சுத்தம் செய்தும் பயனில்லை.

வெண்தேருக்குப் புதியது கிடைக்கிறது, அம்மாவை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. புதியதையே போடட்டும்.

#13 வெண்தேர்

இன்று செய்தேன். காலை 9 மணிக்கு ஆரம்பித்து மாலை 4 மணிக்கு முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், அடுத்துச் செய்கிறவருக்கு உதவும்.

பேட்டரி ட்ரேயின் ஒரு போல்ட் துருவில் ஒட்டி அரை மணி நேரம் எடுத்தது. கனெக்டரின் பூட்டு 20 வருஷப் பழைய பிளாஸ்டிக், தொட்டவுடன் உடைந்தது. முதலில் அதன்மேல் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி இளக்கியிருக்கலாம் என்று பிறகுதான் தோன்றியது. இப்போதைக்கு ஒரு டேக் போட்டுக் கட்டியிருக்கிறேன், புது கனெக்டருக்குச் சொல்லியிருக்கிறேன். கையைப் பிடித்துக்கொண்டுதான் நட்டைக் கழற்றினேன். சீலை எடுக்கக் கஷ்டப்பட்டேன், புதியதைச் சரியான அளவு பாக்ஸ் ஸ்பானர் வைத்து மெதுவாகத் தட்டி இறக்கினேன்.

நிலை பொருத்தி, எல்லாவற்றையும் இறுக்கி, டெஸ்ட் லைட்டை மாட்டினேன். தங்கை உள்ளே உட்கார்ந்தாள். பார்க்கில் திருப்பினாள், லைட் எரியவில்லை. ரிவர்ஸில் திருப்பினாள், எரிந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. டெஸ்ட் லைட் இல்லாமல் நேராக ஸ்டார்ட் செய்திருந்தால், ரிவர்ஸில் கிடக்கிற வண்டியில் எஞ்சின் பிடித்திருக்கும்.

போட்டோக்களைப் பார்த்த பிறகு புரிந்தது. தண்டைப் பார்க்கிலிருந்து எண்ணும்போது முதல் 'டக்'கை இரண்டாக எண்ணிவிட்டேன். தண்டு ரிவர்ஸில் இருக்கும்போது ஸ்விட்ச்சை நியூட்ரல் கோட்டுக்குப் பொருத்தியிருக்கிறேன். எல்லாமே ஒரு படி தள்ளிப்போயிருந்தது. தண்டு பார்க்கில் இருந்தால் ஸ்விட்ச் அதை ரிவர்ஸ் என்று நினைக்கிறது. சாவியை ஆன் செய்து பின்னால் போய்ப் பார்த்தேன், பார்க்கில் ரிவர்ஸ் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மறுபடியும் தளர்த்தி, இந்த முறை தங்கையையும் சேர்த்து எண்ணச் சொல்லி, நியூட்ரலில் பொருத்தினேன். பார்க், எரிந்தது. ரிவர்ஸ், இல்லை. நியூட்ரல், எரிந்தது. டிரைவ், 2, எல், எதிலும் இல்லை. மூன்று சுற்று பார்த்துவிட்டுத்தான் செல்ஃப் ஒயரை மாட்டினேன். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது.

#14 நேர்வழி

வெண்தேர், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நான் ராத்திரி தூங்கவில்லை. என் வண்டியை என் மகனும் ஓட்டுகிறான். நான் இப்படி ஒயரை முடிந்து வைத்திருப்பது அவனுக்குத் தெரியாது. நாளைக்கே பிரித்துவிடுகிறேன். ரிங்ஸ்பானர் சார், கோபித்துக்கொள்ளவில்லை. நன்றி.

#15 ரிங்ஸ்பானர்

வெண்தேர், எண்ணிக்கை தவறுவது தொழில் செய்கிறவர்களுக்கும் நடக்கிறது. சோதித்தீர்கள் பாருங்கள், அதுதான் வேண்டும்.

ஸ்கேனரில் பழைய கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிறகு லைவ் டேட்டாவை வைத்துக்கொண்டு லீவரை ஒவ்வொரு நிலையிலும் முன்னும் பின்னும் லேசாக அழுத்திப் பாருங்கள். நிலை காட்டுவது விட்டுப்போகக் கூடாது. விட்டுப்போனால் ஸ்விட்ச் விளிம்பில் நிற்கிறது என்று அர்த்தம், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் திருப்ப வேண்டியிருக்கும்.

நேர்வழி, மனசார நன்றி. பிரித்ததும் கேபிள் புஷ்ஷை முதலில் பாருங்கள், அப்புறம் ஸ்விட்ச்சை அளந்து பாருங்கள்.

#16 வெண்தேர்

ஓட்டிப் பார்த்தேன், எங்கும் விட்டுப்போகவில்லை. கோளாறு எண் திரும்ப வரவில்லை. க்ரூஸ் கன்ட்ரோலும் இப்போது வேலை செய்கிறது! அது ஒரு வருஷமாகச் செத்துக் கிடந்தது, தனிக் கோளாறு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

#17 மின்னோட்டம்

அதுவும் இதே ஸ்விட்ச்தான். லீவர் டிரைவில் இருப்பது உறுதியாகத் தெரியாவிட்டால் க்ரூஸ் கன்ட்ரோல் பிடிக்காது. ஓடும்போது ஒரு நொடி விட்டுப்போனாலும் அணைந்துவிடும்.

சாவி விஷயம் என்ன ஆயிற்று?

#18 வெண்தேர்

இந்த ஞாயிற்றுக்கிழமை கன்சோலைத் திறந்தேன். ஸ்க்ரூ நாலு, கிளிப் ஆறு, அரை மணி நேர வேலை. நீங்கள் சொன்ன இடத்திலேயே மைக்ரோ ஸ்விட்ச் இருந்தது. அதை அழுத்த வேண்டிய பிளாஸ்டிக் நாக்கு தேய்ந்து, ஸ்விட்ச்சைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அடியில் தூசியும் பழைய க்ரீஸும் களிமண் மாதிரி அடைந்திருந்தன. சுத்தம் செய்தேன். ஸ்விட்ச் பிடித்திருந்த தகட்டின் ஓட்டை நீளவாக்கில் இருந்ததால், ஸ்க்ரூவைத் தளர்த்திக் கொஞ்சம் நாக்குப் பக்கம் தள்ளி இறுக்கினேன். மீட்டரில் லீவர் பார்க்குக்கு வந்தவுடன் தெளிவாக மாறுகிறது. ஐம்பது தடவை சாவியைப் போட்டு எடுத்துப் பார்த்தேன், ஒரு தடவைகூட சிக்கவில்லை.

இன்னொன்றும் கண்டேன். லீவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கிறது, அதைத் தூக்கினால் ஒரு துவாரம். சாவியை விட்டு அழுத்தினால் பார்க் பூட்டு விடுபடுகிறது. பேட்டரி இறங்கிப்போனால் வண்டியைத் தள்ள இது வேண்டும். 20 வருஷமாக வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

பழைய இன்ஹிபிட்டர் ஸ்விட்ச்சையும் திறந்து பார்த்தேன். பார்க் காண்டாக்ட் இருக்கும் இடத்தில் ஒரு நகம் அளவுக்குப் பித்தளை தேய்ந்து கறுத்திருக்கிறது. நியூட்ரல் இடம் புதிது மாதிரி மின்னுகிறது. யோசித்துப் பார்த்தால் சரிதான், இத்தனை வருஷமும் தினமும் பார்க்கில்தான் ஸ்டார்ட் செய்திருக்கிறோம்.

#19 நேர்வழி

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். ஒயரைப் பிரித்தேன். கேபிள் புஷ் உதிர்ந்து கிடந்தது, ஸ்விட்ச் மீட்டரில் நன்றாகவே காட்டுகிறது. புது புஷ் போட்டு, கேபிளின் அட்ஜஸ்ட் நட்டைச் சரிசெய்தேன். டெஸ்ட் லைட் வைத்து ஆறு நிலையும் பார்த்தேன். பார்க், நியூட்ரல் மட்டும். சரிவில் நிறுத்தி, பிரேக்கை மெல்ல விட்டும் பார்த்தேன், பார்க் பிடித்து நிற்கிறது.

வெட்டிய ஒயர் இரண்டையும் சால்டர் செய்து சுருங்கும் உறை போட்டு மூடலாமா, இல்லை கிரிம்ப் இணைப்பு நல்லதா?

#20 மின்னோட்டம்

அந்த இடத்தில் எஞ்சின் அதிர்வு அதிகம். சால்டர் செய்த இடத்துக்குப் பக்கத்தில் ஒயர் விறைத்து, நாளடைவில் அங்கேயே முறியும். உள்ளே பசையுள்ள, தண்ணீர் புகாத கிரிம்ப் இணைப்பு போட்டு, அதற்குச் சரியான கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள். இரண்டு இணைப்பும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வராதபடி ஒன்றை இரண்டு விரற்கடை தள்ளி வையுங்கள். பிறகு ஒயர்க் கட்டைப் பழைய கிளிப்பிலேயே மாட்டிவிடுங்கள்.